சலவை நீலமும் ரெனுவாரின் குடைகளும்

குளியலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது, அழுக்குத் துணி போட்டுவைக்கும் ஒரு பை. தடித்த பருத்தித் துணி; வாயில் சுருக்குக் கயிறு. அதன் முகப்பில் அச்சாகியிருப்பது பியர் ஒகுஸ்த் ரெனுவார் வரைந்த ‘குடைகள்’. பாரிஸ் தெருவில் நெருக்கியடிக்கும் கூட்டம், தலைக்கு மேல் குடை மீது குடை, எங்கு பார்த்தாலும் சாம்பல் கலந்த நீலம். ஓவிய மேதையின் படைப்பை வியர்வைச் சட்டைக்கு உறையாக்குவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் வருந்த வேண்டியதில்லை. இந்த நீலத்துக்குச் சலவைத் தொட்டி பிறந்த வீடு மாதிரி.

ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்களுக்கு உயர்ந்த நீலம் என்றால் அது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லைப் பொடித்துப் பெறும் அல்ட்ராமரின்தான். பொன்னுக்கு நிகரான விலை. அதைச் செயற்கையாகச் செய்யும் மலிவான வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824-இல் பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் அறிவித்தது. ழான் பாப்டிஸ்ட் கிமே என்ற பொறியாளர் 1828-இல் அதைத் தட்டிச் சென்றார். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி. இவற்றைக் கலந்து சூளையில் சுட்டால் கல்லிலிருந்து வந்த அதே நீலம் கிடைத்தது. லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் கிமே ஆலை வைத்தார். அந்த நீலம் தந்த செல்வத்தில்தான் அவர் மகன் எமில் கிமே ஆசியக் கலைப்பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகம் கண்டார். பாரிசில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் அந்த இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன 11-ஆம் நூற்றாண்டு நடராசர் செப்புத்திருமேனி ஒன்று நிற்கிறது.

விலை சரிந்த நீலம் ஓவியர்களின் தட்டோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் புகுந்தது. வெள்ளைத் துணி துவைக்கத் துவைக்க மஞ்சள் பூக்கும். கடைசி அலசலில் துளி நீலம் சேர்த்தால் மஞ்சள் அமுங்கி, துணி பளிச்சென்று தெரியும். அவுரியை வைத்து முன்பே செய்துவந்த வேலைதான். கிமேயின் தூள் அதை ஏழைக் குடும்பத்துக்கும் எட்ட வைத்தது. இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனமும் இதே வகை நீலத்தை விற்றுப் பெரிதானது. அந்த வழியில் வந்ததுதான் தமிழ் வீடுகள் அறிந்த ராபின் நீலம். துணியில் முடிந்து வாளித் தண்ணீரில் ஆட்டுவார்கள். சரியாகக் கரையாவிட்டால் வேட்டியில் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

 சலவையும் நிறமும் சேரும் இந்த இடத்தில் ஓர் அபூர்வ மனிதர் வருகிறார். மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர், கொழுப்பும் காரமும் சேர்ந்து எப்படிச் சோப்பாகிறது என்பதை ஆராய்ந்து 1823-இல் நூலாக்கியவர். மறு ஆண்டு கோபலான் அரச நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே நூல்களின் நிறத்தைப் பற்றி வந்த புகார்களை ஆராயப் போய், பக்கத்தில் இருக்கும் நிறம்தான் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றுகிறது என்று கண்டு 1839-இல் எழுதினார். இம்ப்ரெஷனிஸ்ட் தலைமுறை ஓவியர்களிடம் பரவிய நிறக் கோட்பாடு இது. வெயிலில் காயும் வெள்ளைத் துணியின் நிழலைக் கறுப்பாகத் தீட்டாமல் நீலமாகவும் ஊதாவாகவும் தீட்டினார்களே, அதற்குப் பின்னால் ஷெவ்ரல் இருக்கிறார். ஒரே மனிதர் சலவைக்கும் ஓவியத்துக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறார் என்பது வரலாற்றின் அழகு.

சலவை என்பது அன்றைய பாரிசில் கண்ணுக்குப் படாத வேலை அல்ல. சேன் நதியில் சலவைப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பெண்கள் அவற்றின் விளிம்பில் குனிந்து துணியை அடித்துத் துவைத்தார்கள். பேட்டைகளில் பொதுச் சலவைக்கூடங்கள் இருந்தன. இஸ்திரிக் கடைகளின் நடுவே கரி அடுப்பு கனன்றுகொண்டே இருக்கும், அதன் மேல் இஸ்திரிப்பெட்டிகள் சூடேறும். பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்கள். கோடையில் அந்த அறைக்குள் மேலாடை தாங்காது. எமில் ஜோலா 1877-இல் நூலாக வெளியிட்ட நாவலின் நாயகி ஜெர்வேஸ் இப்படி ஒரு சலவைக்காரிதான்.

இவர்களை விடாமல் பார்த்தவர் எட்கார் தெகா. 1874-இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியிலேயே அவர் சலவைப் பெண்களின் படங்களை வைத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் ஓவியக்கூடத்துக்குப் போன எழுத்தாளர் எட்மோன் கொன்கூர், இஸ்திரி போடும் கை அழுத்தும் விதம் வேறு, சுழற்றும் விதம் வேறு என்று தெகா அந்தத் தொழிலின் பேச்சிலேயே விளக்கியதைத் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள படத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி இரு கைகளாலும் பெட்டியை அழுத்துகிறாள், உடம்பின் கனம் முழுக்க அதில் இறங்குகிறது. மற்றவள் கையில் புட்டியோடு, வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள். இன்னொரு படத்தில் துணிக்கூடை இடுப்பில் ஏறிய இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நடக்கிறார்கள். பாரம் வலப்பக்கம் என்றால் உடம்பு இடப்பக்கம் போகும். கூடை சுமந்தவர்களுக்கு அது தெரியும். தெகா அதைக் கருணை காட்டவும் வரையவில்லை, அழகு காட்டவும் வரையவில்லை. அந்த உழைப்பு எப்படி நடக்கிறது என்று வரைந்தார். அதனால்தான் இன்று பார்க்கும்போதும் முதுகு வலிக்கிறது.

மற்றவர்களும் இதைத் தொட்டார்கள். பெர்த் மொரிசோ 1875-இல் பாரிசின் புறநகர் வெளியில் துணி உலர்த்தும் பெண்களைத் தீட்டினார். அடிவானத்தில் ஆலைப் புகைபோக்கிகள் தெரிகின்றன. தோட்டத்தில் துணி துவைக்கும் பெண்ணையும் குழந்தையையும் ஓவியர் மானே வரைந்த படத்தை 1876-இல் அரசுச் சலோன் கண்காட்சி ஏற்க மறுத்தது.

மீண்டும் பைக்கு வரலாம். ‘குடைகள்’ ஒரே மூச்சில் முடிந்த படமல்ல. 1881 வாக்கில் தொடங்கிப் பாதியில் நின்றது, 1886 வாக்கில் முடிந்தது. வலப்பக்கம் குழந்தைகளோடு நிற்கும் வசதியான குடும்பம் முதல் கட்டம். அங்கே நீலத்துக்குக் கோபால்ட் நிறமி. இடப்பக்கம் நிற்கும் இளம்பெண் இரண்டாம் கட்டம். அப்போது ரெனுவார் கோபால்ட்டை விட்டுச் செயற்கை அல்ட்ராமரினுக்கு மாறியிருந்தார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஆய்வாளர்கள் நிறப்பூச்சைச் சோதித்து இதை உறுதிசெய்திருக்கிறார்கள்.

அந்த இளம்பெண்ணிடம் குடை இல்லை, தொப்பியும் இல்லை. கையில் ஒரு கூடை. வேலைக்காரப் பெண் என்று பார்த்ததும் தெரிகிறது. கூட்டத்தின் நடுவிலிருந்து அவள் நேரே நம்மைப் பார்க்கிறாள். சலவைக்கூடங்களில் வெள்ளைத் துணிக்குப் போட்ட அந்த நீலம் அவள் உடுப்பில் இருக்கிறது. பையின் கயிற்றை இழுத்தால் மேலே உள்ள குடைகள் சுருங்கி மடிப்புக்குள் போய்விடுகின்றன. கூடையோடு அவள் மட்டும் கீழே நிற்கிறாள்.