கிளாசிக் என்பது யாருடைய சொத்து?

"குழந்தைகளுக்கு எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்?" என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில் "ஏதாவது நல்ல கிளாசிக் வாங்கிக் கொடுங்கள்" என்பதுதான். அது என்ன கிளாசிக்? காலத்தை வென்று நிற்பது, எந்த நாட்டுக்கும் பொருந்துவது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எல்லாம் அழகான விளக்கங்கள். ஆனால் ஒரு புத்தகம் காலத்தை எப்படி வெல்கிறது? அதை யாராவது தொடர்ந்து அச்சடிக்க வேண்டும். யாராவது விற்க வேண்டும். வாங்குகிற விலையில் அது இருக்கவும் வேண்டும். பி.காம். படிக்கும் ஒருவனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் தோன்றும் :-) அதனால் இந்தக் கட்டுரையில் இலக்கியத்தைக் கொஞ்சம் கல்லாப்பெட்டி பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். களம், 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து.

ஐந்து ஷில்லிங் குரூசோ

டேனியல் டிஃபோ எழுதிய 'ராபின்சன் குரூசோ' 1719-இல் லண்டனில் வெளிவந்தது. எழுதும்போது டிஃபோவுக்கு அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. விலை 5 ஷில்லிங். சாதாரணத் தொழிலாளி நினைத்துப் பார்க்க முடியாத விலை. அது குழந்தைகளுக்காக எழுதப்பட்டதும் அல்ல. பாவம், மனந்திருந்துதல், கடவுளின் கருணை என்று பக்கம் பக்கமாகப் பேசும் பெரியவர்கள் புத்தகம்.

இருந்தாலும் விற்பனை சூடு பிடித்தது. அதே ஆண்டில் நான்கு பதிப்புகள். அதே ஆண்டிலேயே வேறொருவர் கதையைச் சுருக்கித் திருட்டுப் பதிப்பும் போட்டுவிட்டார். முதல் பதிப்பாளர் வில்லியம் டெய்லருக்குக் கடுங்கோபம். ஆனால் அந்தச் சுருக்கப் பதிப்புகளும், பின்னால் தெருவில் கூவி விற்ற மலிவான சிறு பிரசுரங்களும்தான் குரூசோவை ஏழை வீடுகளுக்கும் குழந்தைகளின் கைக்கும் கொண்டு போயின. போதனைப் பகுதிகள் உதிர்ந்தன. தீவும், குடையும், மணலில் பதிந்த காலடியும் மிஞ்சின.

பதினான்கு ஆண்டா, என்றென்றைக்குமா?

1710-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ஆன் அரசியின் காலத்தில் வந்ததால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. புதிய புத்தகத்துக்குப் பதிப்புரிமை 14 ஆண்டுகள். அது முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னும் 14 ஆண்டுகள். அதற்குமேல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

லண்டன் பதிப்பாளர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வீடு, நிலம்போலப் புத்தகமும் நிரந்தரச் சொத்துதான் என்றார்கள். பழைய புத்தகங்களின் உரிமைகளைத் தங்களுக்குள்ளேயே ஏலம் விட்டு வாங்கிக்கொண்டார்கள். ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞர் 1748-இல் இறந்துவிட்டார். அவருடைய 'பருவங்கள்' உள்ளிட்ட கவிதைகளின் உரிமை 1769-இல் 505 பவுண்டுக்கு ஏலம் போனது. செத்துப்போன கவிஞரின் பாட்டுக்கு அந்தக் காலத்தில் 505 பவுண்டு! என்றென்றைக்கும் நமக்கு மட்டுமே என்ற நம்பிக்கை இருந்தால்தானே அத்தனை பணம் போடுவார்கள்?

எடின்பரோக்காரரான அலெக்சாண்டர் டொனால்ட்சன் இங்கேதான் வருகிறார். கெடு முடிந்த புத்தகங்களை அச்சிட்டு, லண்டனிலேயே கடை திறந்து, வழக்கமான விலையைவிட 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்து விற்றார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1774 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நிரந்தரப் பதிப்புரிமை கிடையாது! ஒரு வியாபாரத் தகராறின் தீர்ப்பை ஸ்காட்லாந்தில் தீ மூட்டிக் கொண்டாடினார்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஷேக்ஸ்பியர், மில்டன், டிஃபோ எல்லோரும் ஒரே நாளில் பொதுச்சொத்து ஆனார்கள். ஜான் பெல் என்ற பதிப்பாளர் 1777 முதல் 1783 வரை ஆங்கிலக் கவிஞர்களை 109 சிறு தொகுதிகளாக வெளியிட்டார். ஒன்று ஒன்றரை ஷில்லிங். அவருக்குப் போட்டியாக லண்டன் பதிப்பாளர்கள் கூடி, சாமுவேல் ஜான்சனைக் கவிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுத வைத்தார்கள். இன்று ஆங்கில விமர்சனத்தின் தூண் என்று கொண்டாடப்படும் அந்த நூல் அப்படிப் பிறந்ததுதான். பழையது மலிவு, புதியது விலை அதிகம் என்ற நிலை வந்ததும் சாமானியன் எதை வாங்குவான்? பழையதைத்தான். 'கிளாசிக்' வரிசை என்பது இப்படிக் கடை அலமாரியிலும் உருவானது.

பந்தோடு ஒரு புத்தகம்

குழந்தைகள் பக்கம் வருவோம். 1744-இல் ஜான் நியூபரி என்ற லண்டன் வியாபாரி குழந்தைகளுக்கென்றே ஒரு குட்டிப் புத்தகம் போட்டார். விலை 6 பென்ஸ். இன்னும் 2 பென்ஸ் கொடுத்தால் பையனுக்கு ஒரு பந்து, பெண்ணுக்கு ஒரு குண்டூசிப் பஞ்சணை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்பில் ஊசி குத்தலாம், தப்பு செய்தால் கறுப்பில். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' எல்லாம் நேற்று வந்த தந்திரம் அல்ல :-)

நியூபரி மருந்தும் விற்றார். டாக்டர் ஜேம்ஸின் காய்ச்சல் பொடி. 1765-இல் அவர் வெளியிட்ட 'குடி டூ ஷூஸ்' என்ற கதையில் நாயகியின் அப்பா காய்ச்சலில் இறந்துபோகிறார். ஏன்? அந்த ஊரில் டாக்டர் ஜேம்ஸ் பொடி கிடைக்கவில்லையாம்! கதைக்குள்ளேயே விளம்பரம்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 1802-இல் எழுத்தாளர் சார்லஸ் லாம்ப் தன் நண்பர் கோல்ரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். லாம்ப் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கு எழுதிய குமாஸ்தா (நம் ஆள்!). பாடம் புகட்டும் புதிய புத்தகங்கள் வந்து குழந்தைகளின் பழைய கிளாசிக்குகளை விரட்டிவிட்டன என்று புலம்புகிறார். அப்படி அவர் ஏங்கும் பழைய புத்தகம் எது? அதே 'குடி டூ ஷூஸ்'. விளம்பரக் கதை நாற்பது ஆண்டுகளுக்குள் கிளாசிக் ஆகிவிட்டது.

பட்டியல் போட்டவர்கள்

குழந்தைகள் எதைப் படிக்க வேண்டும் என்று பெரியவர்கள் எப்போதும் சண்டை போட்டிருக்கிறார்கள். ஜான் லாக் 1693-இல் ஈசாப் கதைகளைச் சிபாரிசு செய்தார். ரூசோ 1762-இல் நீதிக்கதைகளே குழந்தைகளுக்கு ஆகாது என்றார். தன் கற்பனை மாணவன் எமிலுக்கு அவர் முதலில் கொடுத்தது 'ராபின்சன் குரூசோ'வை மட்டும்தான். அதிலும் தீவுக்கு முன்னும் பின்னும் உள்ளதை வெட்டிவிட வேண்டுமாம். சாரா டிரிம்மர் என்ற அம்மையார் 1802 முதல் குழந்தை நூல்களை மதிப்பிடவே ஒரு பத்திரிகை நடத்தினார். சிண்ட்ரெல்லா அவருக்கு ஆபத்தான கதை. ஆனால் இன்று டிரிம்மரைத் தெரிந்த குழந்தை எங்கும் இல்லை. சிண்ட்ரெல்லா தெரியாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் விலைதான் எல்லாமா? இல்லை. பெல்லின் 109 தொகுதிகளில் இருந்த கவிஞர்கள் பலரை இன்று யாரும் படிப்பதில்லை. மலிவு ஒரு புத்தகத்தை வாசல் வரை கொண்டு வரும். வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது வாசகர்தான். குரூசோவைச் சுருக்கினார்கள், திருடினார்கள், வெட்டினார்கள். அத்தனைக்குப் பிறகும் கதை சாகவில்லை. எவ்வளவு சிதைத்தாலும் மிஞ்சுகிற ஒன்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ, அதுவே கிளாசிக் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் ஊரிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. பாரதியார் 1921-இல் மறைந்தார். 1940-களில் அவர் பாடல்களின் ஒலிப்பதிவு, திரைப்பட உரிமை ஒரு படநிறுவனத்திடம் இருந்தது. பாரதி பொதுச்சொத்தாக வேண்டும் என்று எழுத்தாளர்களும் டி.கே.சண்முகம் போன்ற நாடகக் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. பிறகு அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று பாப்பா பாட்டைப் பாட ஒரு குழந்தையும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. எழுத்தாளரின் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த 60 ஆண்டுகளில் யாரும் மறுபதிப்புப் போடாமல் செத்துப்போகும் புத்தகங்களை யார் காப்பாற்றுவது? அதில் எத்தனை கிளாசிக் இருந்திருக்கும்?

ஆக, குழந்தைகள் எதைப் படிக்க வேண்டும்? என்னிடம் பட்டியல் இல்லை. லாக், ரூசோ, டிரிம்மர் போட்ட பட்டியல்களின் கதியைத்தான் பார்த்தோமே! மலிவாக, நிறைய, பல வகையாகக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பிடிக்காததைப் பாதியில் மூடி வைக்க விடுங்கள். எது கிளாசிக் என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.