திருப்பூவணமும் வைகை மணலும்

மதுரைக்குத் தென்கிழக்கே வைகையின் தென்கரையில் விளங்குவது திருப்பூவணம். தேவார மூவரும் பாடிய இத்தலத்தில், ஆற்று மணலெல்லாம் சிவலிங்கமாய்த் தோன்ற, அவர்கள் அதனை மிதிக்க அஞ்சி வடகரையினின்றே தொழுதனர் என்றும், காட்சியை மறைத்த நந்தி விலகிற்று என்றும் தலவரலாறு கூறும். பொன்னனையாள் பொருட்டு இறைவன் இரசவாதஞ் செய்த திருவிளையாடலும் இவ்வூரதே.

புராணமேயன்றி நிலமும் சான்று பகரும். அணித்தாய கீழடியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு, செங்கற் கட்டடங்களையும் தமிழெழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிப்படுத்தி, இவ்வாற்றங்கரை நகர்வாழ்வின் தொன்மையை உணர்த்திற்று.

நீத்தார் சாம்பலைக் கரைத்துப் பிதிர்க்கடன் ஆற்றுவோர் இன்றும் இத்துறையை நாடுகின்றனர். ஆயினும், ஆண்டின் பெரும்பகுதி ஆறு வறண்டு கிடக்கின்றது. மணலும் அள்ளப்பட்டுக் குறைந்தது. மூவர் மிதியாத மணலை வாரி விற்றல் அடியார் நாட்டிற்குத் தகுமோ? அதனைக் காத்தலும் சிவபூசையே என்க.