ஏர் பிடித்த பாட்டாசிரியர்: அ. மருதகாசி

முதுகலை வகுப்பில் முக்கூடற்பள்ளு நடத்தும்போதெல்லாம் நமக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. நெல்வகை, மாட்டுவகை, உழவுக் கருவி என்று புலவர் அடுக்கிச் செல்லும் பகுதி வந்ததும் மாணவர் கண்களில் உறக்கம் படரும். அவ்வேளையில் 1957இல் வெளிவந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தின் உழவுப் பாட்டை நினைவூட்டினால் போதும், வகுப்பு விழித்துக்கொள்ளும். நல்லூரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு டி.எம். சௌந்தரராஜன் குரலில் அந்தப் பாட்டு மனப்பாடம். எழுதியவர் யார் என்று கேட்டால் பட்டுக்கோட்டை என்பார் சிலர். கண்ணதாசன் என்பார் சிலர். மருதகாசி என்பார் அரியர்.

அவர் நமக்கு அயலாரும் அல்லர். நம் மணிமுத்தாறு சென்று கலக்கும் வெள்ளாற்றுக்குத் தெற்கே, அன்றைய திருச்சி மாவட்டத்து மேலக்குடிகாட்டில் 1920 பிப்ரவரி 13 அன்று பிறந்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயின்றார். நாடகங்களுக்குப் பாட்டெழுதிப் பழகிய கை அவருடையது. 1949இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'மாயாவதி' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டு 'மந்திரிகுமாரி'. 'மங்கையர் திலகம்' (1955) படத்தின் தாலாட்டும், 'ரம்பையின் காதல்' (1956) படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய சுடுகாட்டுத் தத்துவமும் ஒரே கை எழுதியவை என்றால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆயினும் அவர் தனித்து நிற்பது உழவைப் பாடியதில்தான். முன்சொன்ன பாட்டில் மூத்தவர் ஒருவர் இளையவருக்குப் பயிர்த்தொழிலைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறார். மாடு மணப்பாறையது, ஏர் மாயவரத்தது, விதைநெல் ஆத்தூர்ச் சம்பா. அறுப்புக்கு மதுரைச் சீமை ஆட்கள், விற்பதற்குப் பொள்ளாச்சிச் சந்தை, வாங்குவதற்கு விருதுநகர் வணிகர். சில நிமிடப் பாட்டுக்குள் தமிழ்நாட்டின் வேளாண் வரைபடம் ஒன்று விரிகிறது. உழவு, தழையுரம், விதைப்பு, நடவு, நீர் இறைப்பு, அறுப்பு, தூற்றல், அளவை என்ற வரிசை எங்கும் பிறழவில்லை. விற்றுவந்த பணத்தை வீட்டுப் பெண்ணின் கையில் ஒப்படைக்கச் சொல்லி முடிக்கிறார். பள்ளு நூலாரின் பட்டியல் மரபு, கே.வி. மகாதேவனின் மெட்டில் ஏறி மக்களிடமே திரும்பி வந்தது என்பது நமது துணிபு. 1958இல் 'பிள்ளைக்கனியமுது' படத்துக்கு எழுதிய பாட்டில் ஏர்முனையை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார். வள்ளுவரின் உழவு அதிகாரமும், கம்பர் பெயரில் வழங்கும் ஏரெழுபதும் அதற்குப் பின்னணி.

பிறகு வந்தது சோதனை. நண்பர்களோடு சேர்ந்து தயாரித்த 'அல்லி பெற்ற பிள்ளை' (1959) பொருளிழப்பைத் தந்தது. புகழின் உச்சியில் இருந்தவர் சென்னையை விட்டுச் சொந்த ஊர் திரும்பி வேளாண்மை செய்தார். மாட்டையும் ஏரையும் பற்றி ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவர் இப்போது தாமே வயலில் நின்றார். பாட்டில் உழவன் விற்றுப் பணத்தை எண்ணுகிறான். பாட்டெழுதியவருக்கோ எண்ணுவதற்குக் கடன்தான் இருந்தது. இந்த முரணைக் கருதும்போது அந்தப் பாட்டின் உற்சாகம் நமக்குச் சற்றே கனக்கிறது.

அவர் முடங்கிவிடவில்லை. திரைக்கு மீண்டார். 1967இல் தேவர் பிலிம்ஸின் 'விவசாயி' படத்துக்கு, உழவனை இறைவனே கண்டெடுத்த தொழிலாளியாகப் போற்றும் பாட்டை எழுதினார். எம்.ஜி.ஆர். வாயசைத்தமையால் அது எம்.ஜி.ஆர். பாட்டாயிற்று. முன்னவை உழவை அறிந்தவர் பாடியவை. இதுவோ உழுது மீண்டவர் பாடியது. 'திரைக்கவித் திலகம்' எனப் பெற்ற அவர் 1989 நவம்பர் 29 அன்று மறைந்தார். 2007இல் அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது.

ஆக்கியோன் பெயர் அழிந்து பாட்டு மட்டும் வாழ்வது நாட்டுப்பாடலின் இயல்பு. மருதகாசிக்கு அவர் வாழ்ந்த நூற்றாண்டு முடியுமுன்னரே அது நேர்ந்துவிட்டது. அதைப் பேறு என்று கொள்வாரும் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்றமிறைத்தவன் பெயரை நாம் கேட்டு வைக்கவில்லை, இழப்பு நம்முடையது. இவர் பெயரோ நமக்குத் தெரியும். தெரிந்த பெயரைச் சொல்லாமல் விடுவது மரபாகாது, அது மறதியே. அடுத்த முறை அந்தப் பாட்டு எங்கேனும் ஒலிக்கையில், அருகிலிருக்கும் இளையவரிடம் ஒருமுறை அவர் பெயரைச் சொல்லி வையுங்கள்.