காப்பிலி: நிறம் பின்னால் வந்த சொல்

வன்னியில் ஒருவரின் நிறத்தைச் சொல்லச் சொற்களுக்குக் குறைவில்லை. கறுவல், சிவலை, வெள்ளை என்று முள்ளியவளைப் பக்கத்துப் பட்டிகளில் மாட்டுக்கு இடும் பெயர்களே மனிதருக்கும் பட்டப்பெயராகிவிடும். கலியாணம் பேசும்போது மட்டும் அவை மறைந்து 'பொதுநிறம்' என்ற நாகரிகச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வரிசையில்தான் 'காப்பிலி'யும் புழங்குகிறது. ஆபிரிக்கரைக் குறிப்பது அதன் முதற்பொருள். கறுத்த நிறமும் சுருட்டைத் தலைமயிருமாகப் பிறந்த நம் பிள்ளையைப் பழிப்பது அடுத்தது. கேட்ட மாத்திரத்தில் இது நிறப்பெயர் என்றே தோன்றும். கார், கரி, காளி என்று கறுப்பைச் சுட்டும் சொற்கள் தமிழில் நிறைந்திருப்பதால், காப்பிலியையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடுவது எளிது. ஆனால் சொல்லின் தடத்தைப் பின்பற்றிப் போனால் அதன் பிறப்பில் நிறமே இல்லை. மதத்தைப் பற்றிய ஒரு சொல், வழியில் மதத்தைத் தொலைத்துவிட்டு நிறத்தைப் பூசிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதே என் வாதம்.

முதற் சான்று ஒலியில் இருக்கிறது. காப்பிலிக்கு மூத்த வடிவம் காப்பிரி. சிங்களத்தில் அது 'காபிரி', மலையாளத்தில் 'காப்பிரி'. மூன்று மொழிக்கும் பொதுவான இந்தச் சொல், மூன்று கரைகளிலும் கோட்டை கட்டியிருந்த போர்த்துக்கேயரின் 'காஃப்ரெ' என்பதன் உள்ளூர் உச்சரிப்பு. தமிழில் ஃப ஒலி இல்லை. அதனால் பகரம் இரட்டித்தது. ஃப்ரெ போன்ற கூட்டொலி நம் நாவுக்கு ஒவ்வாது. நடுவில் ஓர் இகரம் புகுந்தது. போர்த்துக்கேயச் சொல்லின் தாய் அரபியின் 'காஃபிர்'. இங்கேதான் ஒரு நல்ல தடயம் கிடைக்கிறது. அதே அரபுச் சொல்லை முஸ்லிம்களின் தமிழ் நேரடியாகவே எடுத்துக்கொண்டு 'காபிர்' என்று வைத்திருக்கிறது. அதன் பொருள் இறைமறுப்பாளர் என்பது மட்டுமே. அதில் ஆபிரிக்காவும் இல்லை, கறுப்பும் இல்லை. ஒரே வேர் இரண்டு வழியாக ஒரே மொழிக்குள் வந்து, இரண்டு வடிவத்தோடும் இரண்டு பொருளோடும் நிற்கிறது. நிறம் வேரில் இருந்திருந்தால் காபிரிலும் அதன் சாயல் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

வேரைத் தோண்டினால் இன்னும் வியப்பு. அரபியில் க-ஃப-ர என்பதன் அடிப்பொருள் மூடுதல். உண்மையை மூடி மறைப்பவர் காஃபிர். மண்ணால் விதையை மூடுபவர் என்ற பொருளில் உழவரையும் அதே சொல் குறித்ததுண்டு. அப்படிப் பார்த்தால் புழுதியில் நெல்லை விதைத்து உழுது மூடும் முள்ளியவளைக் கமக்காரரும் அந்தச் சொல்லுக்கு உரியவர்தான்! கிழக்கு ஆபிரிக்கக் கரையில் வாழ்ந்த முஸ்லிம் வணிகர்கள், உள்நாட்டில் இஸ்லாத்தைத் தழுவாமல் இருந்தவர்களைக் காஃபிர் என்றார்கள். 1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அந்தக் கரையைத் தொட்டபின், போர்த்துக்கேயர் அச்சொல்லைக் கேட்டு ஓர் இனப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். அந்த வணிகர்களின் கணக்கில் கத்தோலிக்கரான போர்த்துக்கேயரும் காஃபிர்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் வசதியாக மறந்தார்கள். மதப்பொருள் செத்தது அந்த இடத்திலேதான்.

மறுப்புகள் உண்டு. போர்த்துக்கேயர் வருமுன்பே ஆபிரிக்கர் இலங்கையில் இருந்தார்களே, சொல் அரபு வணிகர் வாயிலிருந்து நேரே வந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்தார்கள் என்பது உண்மை. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, கொழும்பின் தலைவனிடம் ஏறக்குறைய ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கையாண்ட பெயர் ஹபஷ். அது நாட்டைக் கொண்டு வந்த பெயர். நேரே வந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய வடிவம் காபிர். காப்பிரியின் ஈற்று இகரத்தை அரபி தராது. இன்னொரு மறுப்பு, 'கார்' என்னும் தமிழ் வேர். அதை ஏற்றால் எஞ்சும் 'ப்பிரி'க்கு விளக்கம் வேண்டும். சிங்களவர் நம் காரை ஏன் கடன் வாங்கினார்கள் என்றும் சொல்லவேண்டும். காப்பியின் நிறத்தால் வந்தது என்பாருக்கு இலங்கையில் பதில் சொல்லவே தேவையில்லை. நமக்கு அது கோப்பி.

காப்பிரி காப்பிலி ஆனது தனிக்கதை. பந்தர்-பந்தல், சாம்பர்-சாம்பல், குடர்-குடல் என்று ரகரமும் லகரமும் இடம் மாறுவது தமிழுக்குப் புதிதல்ல. அவை சொல்லின் இறுதியில் நிகழ்பவை. இங்கே இடையில் நடந்திருக்கிறது. அதனால் அந்த விதியை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. போக்கிலி, ஏதிலி, நன்றியிலி போன்றவற்றின் ஈறு இந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாமையைச் சொல்லும் அந்த ஈற்றில் இயல்பாகவே ஓர் இளக்காரம் உண்டு. காப்பிரி என்றால் ஓர் ஆள். காப்பிலி என்றதும் எதுவோ குறைந்த ஆள்.

அந்த இளக்காரம் வெறும் ஒலியால் வந்ததல்ல. போர்த்துக்கேயர் ஆபிரிக்கரைப் படையாளாகவும் அடிமையாகவும் கொண்டுவந்தார்கள்; ஒல்லாந்தர் அவர்களைக் கோட்டை வேலையில் வருத்தினார்கள். கொழும்பில் தமிழர் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடத்துக்கு ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று பொருள்படும் பெயர் வந்தது அவர்களை அங்கே அடைத்து வைத்ததால்தான். பிரித்தானியர் ஆபிரிக்கரைக் கொண்டு தனிப் படைப்பிரிவே அமைத்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பன் என்ற தெய்வத்துக்குச் சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். 1663இல் ஒல்லாந்தரிடம் கொச்சியை இழந்த போர்த்துக்கேயர், புதைத்த செல்வத்துக்குக் காவலாகக் கொன்றுவிட்டுப்போன ஆபிரிக்க அடிமையின் ஆவி அது என்பது அங்குள்ள நம்பிக்கை. நம் கரைகளில் இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் கண்முன்னே கண்டது மதத்தை அல்ல. ஏவலுக்கு நிற்கும் கறுத்த உடலை. சொல்லுக்குள் நிறம் ஏறியது அந்தக் காட்சியால்.

பிறப்பில் நிற இழிவு இல்லையென்றால் சொல்லுக்குக் குற்றமில்லையே, தாராளமாகப் புழங்கலாமே என்று ஒருவர் முடிவுகட்டலாம். அதற்குத் துணையாக ஒரு சான்றும் உண்டு: புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும், மஞ்சா இசையால் அறியப்பட்ட ஆபிரிக்க வழித்தோன்றல்கள் காப்பிரி என்ற பெயரைத் தமக்குரியதாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அதே சொல்லின் தென்னாபிரிக்க வடிவத்தைப் பொலிஸார் மீது 48 தடவை வீசிய ஒரு பெண்ணுக்கு 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. வேர் ஒன்று, கிளைகள் இவ்வளவு தூரம். ஆகவே சொற்பிறப்பைக் காட்டி ஒரு சொல்லுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. சிரம்பியடிக்காரர் தம்மைச் சொல்லும்போது அது ஊர்ப்பெயர் போல நிற்கிறது, நாம் நம் பிள்ளையைப் பழிக்கும்போது அதில் அடிமைச் சந்தை வாடை அடிக்கிறது. எனக்கு முதலாவதில் ஆட்சேபம் இல்லை. இரண்டாவதை விட்டுவிடுவதே மேல்.

இப்போது பத்திரிகைகள் காப்பிலியைக் கைவிட்டு 'ஆபிரிக்கர்' என்று எழுதுகின்றன. அதுவும் நிறப்பெயரல்ல: கார்த்தேஜ் நகரைச் சூழ, இன்றைய துனீசியாவில் வாழ்ந்த ஆஃப்ரி என்ற சிறு குடியினரின் பெயரை உரோமர் தம் மாகாணத்துக்கு வைத்தார்கள், அது ஒரு கண்டத்தின் பெயராக விரிந்தது. ஆஃப்ரி என்பதற்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.