எருசலேம் மையம், பிரிகாம் யங் பல்கலைக்கழகம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோர்மன் திருச்சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்வி மையம். எருசலேமின் ஸ்கோப்பஸ் மலைச்சரிவில், பழைய நகரை நோக்கி எட்டு அடுக்குகளாக இறங்கும் கட்டடம் இது. வடிவமைத்தவர் இஸ்ரேலியக் கட்டடக் கலைஞர் டேவிட் ரெஸ்னிக்.

வரலாறு: 1984இல் கட்டுமானம் தொடங்கியதும், இம்மையம் மதமாற்றத்துக்கு வழிவகுக்கும் என்று தீவிர மரபுவழி யூதர்கள் கடுமையாக எதிர்த்தனர். மதப்பிரசாரம் செய்வதில்லை எனப் பல்கலைக்கழகம் எழுத்துப்பூர்வமாக உறுதியளித்தது. 1987இல் மாணவர்கள் குடியேறினர். 1988இல் நிலக் குத்தகை கையெழுத்தானது. 1989இல் மையம் அர்ப்பணிக்கப்பட்டது.

கற்பித்தல்: பைபிளின் பழைய, புதிய ஏற்பாடுகளைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நடத்துகின்றனர். யூத, பாலஸ்தீன ஆசிரியர்கள் தத்தம் மக்களின் வரலாற்றையும், எபிரேய, அரபு மொழிகளையும் கற்பிக்கின்றனர். ஒரே பருவத்தில் இரு தரப்பையும் கேட்கும் வாய்ப்பே இதன் தலையாய சிறப்பு. பாடத்தில் வரும் கலிலேயா போன்ற இடங்களுக்கு மாணவர்கள் நேரில் செல்கின்றனர்.

கட்டுப்பாடுகள்: ஆசிரியரும் மாணவரும் மதப்பிரசாரம் செய்வதில்லை என ஒப்பமிட வேண்டும். உள்ளூர்வாசி வலிய வந்து கேட்டாலும் தம் மதத்தை விளக்கக் கூடாது. ஊர் வழக்கத்தை ஒட்டி, சபை வழிபாடு ஞாயிற்றுக்கு மாறாகச் சனிக்கிழமை நடக்கிறது.

இடைநிறுத்தங்கள்: பாலஸ்தீனரின் இரண்டாம் எழுச்சி (இன்டிஃபாதா) காரணமாக 2000இன் இறுதியில் நின்ற வகுப்புகள் 2007இல் மீண்டும் தொடங்கின. 2023 அக்டோபரில் காசா போர் மூண்டபோது மாணவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.