பாசறை இருந்த ஊரும் வாக்கு இருந்த ஊரும்

நீலகிரியின் கேத்தியில் மலை ரயில் ஏறிக் குன்னூர்ப் பக்கம் இறங்கினால் அடுத்த நிலையம் அருவங்காடு. நூறாண்டுக்கும் மேலாக அங்கே கார்டைட் தொழிற்சாலையில் வெடிமருந்து தயாராகிறது. அதற்கடுத்தது வெலிங்டன். 1758இல் வேர்விட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன. இவ்வளவு பட்டாளத்தை மடியில் வைத்திருக்கும் நீலகிரித் தொகுதி, 1957 முதல் மக்களவைக்கு அனுப்பியவர்களில் பட்டாளத்து வாழ்க்கையால் பெயர் பெற்றவர் ஒருவரும் இல்லை. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற படைவீரரை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோவது அவர் மார்பில் தொங்கும் பதக்கம் அன்று. எந்த மண்ணின் பிள்ளையாக அவர் படையில் சேர்ந்தார், அந்த மண்ணில் வாக்கு யார் கையில் இருந்தது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இதற்கான முதல் இரண்டு சான்றுகள் கேத்திப் பள்ளத்தாக்கிலேயே கிடைக்கின்றன.

முதல் சான்று ஒரு பிரபு. லஷிங்டன் சென்னை ஆளுநராக இருந்தபோது அரசு கேத்தியில் ஒரு சோதனைப் பண்ணை நடத்தியது. அது மூடப்பட்ட பின் அங்கிருந்த பங்களாவை எடுத்துப் பெரும் பொருள் செலவிட்டு மாளிகையாக்கியவர், 1837 முதல் 1842 வரை ஆளுநராக இருந்த எல்பின்ஸ்டன் பிரபு. அவர் 1826இல் ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் குதிரைப்படையில் சேர்ந்து 1832இல் கேப்டன் ஆனவர். ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தமக்குள் தேர்ந்து மேலவைக்கு அனுப்பிய பதினாறு பேரில் இடம்பெற்றவர். சென்னைக்கு ஆளுநராக வந்தபோது வயது ஏறத்தாழ முப்பதுதான். அந்நாளில் பிரிட்டிஷ் படையின் அதிகாரிப் பதவிகள் பெரும்பாலும் விலைக்கு விற்கப்பட்டன. அந்த வழக்கம் 1871இல்தான் ஒழிந்தது. மேலவை இருக்கைக்கான தகுதியோ பிறப்பால் வந்தது. ஆகவே அவர் படையிலிருந்து அவைக்கு ஏறிப்போனார் என்று சொல்ல முடியாது. படைப் பதவி, அவை இருக்கை, ஆளுநர் மாளிகை மூன்றும் ஒரே குடும்பச் சொத்தின் மூன்று அறைகளாக இருந்தன. அவர் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நடந்தார், அவ்வளவே. இருபதாம் நூற்றாண்டிலும் இது முழுக்க மாறிவிடவில்லை. 1929 முதல் 1946 வரை அடுத்தடுத்துச் சென்னை ஆளுநர்களாக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லி, எர்ஸ்கின் பிரபு, ஆர்தர் ஹோப் மூவரும் முதல் உலகப் போர்க்காலத்தில் சீருடை அணிந்தவர்கள், பிரிட்டிஷ் மக்களவையிலும் அமர்ந்தவர்கள். கோடை தோறும் ஊட்டிக்கு ஏறிவந்த அவர்களுக்கு இந்த மலையில் ஒரு வாக்குகூடத் தேவைப்படவில்லை.

இரண்டாவது சான்று இதற்கு நேர்மாறானது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானோரைப் பிரிட்டிஷார் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களை அடைத்துவைத்த முகாம்களில் திருச்சியும் வெலிங்டனும் கேத்தியும் உண்டு. தோற்று முள்வேலிக்குள் கிடந்த அந்தப் படைக்கும் எல்பின்ஸ்டனின் குதிரைப்படைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது. போயர் படை சம்பளப் பட்டாளம் அன்று. பதினாறிலிருந்து அறுபது வயது வரை உள்ள குடியானவர்கள் சொந்தத் துப்பாக்கியோடும் குதிரையோடும் திரண்ட படை அது. தங்கள் அதிகாரிகளை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தார்கள். போர் முடிந்து எட்டே ஆண்டுகளில், 1910இல், தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் பிரதமரானவர் போயர் தளபதி போத்தா. அவருக்குப் பின் ஸ்மட்ஸ், ஹெர்ட்சாக், மீண்டும் ஸ்மட்ஸ் என்று 1948 வரை பிரதமர் நாற்காலி போயர் தளபதிகளை விட்டு நகரவில்லை. படை எதுவோ அதுவே வாக்காளர் கூட்டமாகவும் இருந்தபோது, தளபதியின் குதிரை நேரே நாடாளுமன்ற வாசலில் போய் நின்றது. அந்த வாசல் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. 1913இல் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நேட்டாலில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்க் கூலித் தொழிலாளருக்கு அந்த அவையில் பேச ஆளில்லை. அவர்கள் சிறை சென்ற பிறகே ஸ்மட்ஸ் காந்தியோடு பேச வந்தார்.

சுதந்திர இந்தியாவில் போயர் கதையின் சாயல் தெரியும் இடம் இன்னொரு மலை, உத்தரகண்டின் கர்வால். அங்கே லான்ஸ்டவுனில் இருக்கும் கர்வால் ரைபிள்ஸ் மையம் 1887 முதல் அந்த மலைக்காரர்களையே படைக்குச் சேர்த்து வந்திருக்கிறது. பி.சி. கண்டூரி 1954இல் பொறியாளர் படைப்பிரிவில் அதிகாரியாகி மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். 1991இல் கர்வால் தொகுதியில் வென்றார், 1996இல் தோற்றார், பிறகு 1998, 1999, 2004, 2014 ஆண்டுகளில் வென்றார். வாஜ்பாய் அரசில் நெடுஞ்சாலைத் துறை அவர் கையில் இருந்தபோதுதான் சென்னையையும் தொட்டுச் செல்லும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை வேகம் பிடித்தது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கண்டூரி உத்தரப் பிரதேச முதல்வராக இருந்த ஹேமவதி நந்தன் பகுகுணாவின் மருமகன், அதாவது சகோதரியின் மகன். அப்படியானால் எல்பின்ஸ்டனைப் போலக் குடும்பம்தானே அவரைத் தூக்கிவிட்டது? வாசலைத் திறந்துவிட்டதில் உறவுக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் கண்டூரி உத்தரகண்ட் முதல்வராகி மக்களவையை விட்டபின் 2008இல் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி தேர்ந்தெடுத்தவர் இன்னொரு ஓய்வு பெற்ற படைத்தலைவர், லெப்டினன்ட் ஜெனரல் தேஜ்பால் சிங் ராவத். பகுகுணா உறவைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது. படைவீரனும் ஓய்வூதியமும் இல்லாத வீடு அரிதான மலையில், ஜெனரல் என்ற சொல்லே ஊர்ச்சொல்.

படைத்துறையினர் அவைக்கு வராமலிருப்பதே குடியாட்சிக்கு நல்லது என்பாரும் உண்டு. பாகிஸ்தானைப் பார்த்து எழுந்த அந்த அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் சீருடையோடு ஆட்சியைப் பிடிப்பதும், அதைக் கழற்றி வைத்துவிட்டு வாக்குக் கேட்டு நிற்பதும் ஒன்றாகா. பணியில் இருப்பவர் அரசியலில் இறங்கப் படைச் சட்டம் இடம் தருவதில்லை. ஓய்வு பெற்றவருக்கு அந்தத் தடை கிடையாது. அப்படி வந்தவரால் என்ன பயன் என்பதற்கும் கண்டூரியே சான்று. அவர் தலைமை வகித்த பாதுகாப்புத் துறை நிலைக்குழு 2018 மார்ச்சில் தந்த அறிக்கை, தரைப்படையின் தளவாடங்களில் 68 விழுக்காடு காலங்கடந்தவை என்று படையின் வாக்குமூலத்தையே பதிவு செய்தது. ஆளுங்கட்சிக்காரர் தலைமையில் வந்த அறிக்கை அது. அதே ஆண்டு செப்டம்பரில் குழுத் தலைமை வேறொருவரிடம் போனது. படைக்குள் இருந்து வந்தவர் படையின் குறையை அவையில் வைத்ததால் குடியாட்சி வலுத்ததே தவிர மெலியவில்லை.

இனி நீலகிரிக்குத் திரும்பலாம். வெலிங்டன் பாசறை எழுந்தது, இந்த மலையின் படுகர் சமூகத்தாரின் ஊரான ஜெகதளாவின் பக்கத்தில். நிலம் இந்த மலையுடையது. ஆட்களோ தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் எங்கிருந்தும் வருகிறவர்கள். படுகர்களிலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் ஒரு ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், வாக்கைத் திருப்பியது பச்சைத் தேயிலையின் விலையும் பட்டா நிலமும் சமூகத்தின் ஒற்றுமையும்தான். படுகப் பெண்களில் முதல் பட்டதாரியான அக்கம்மாதேவி 1962இல் டெல்லி சென்றதும், 1971இல் மாதா கவுடர் சென்றதும், 1998இலும் 1999இலும் மாஸ்டர் மாதன் சென்றதும் அந்த வழியில்தான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய கூடலூர்த் தோட்டத் தொழிலாளருக்கும் படை ஒரு பேச்சுப்பொருள் அன்று. 2009 முதல் தனித்தொகுதியான இன்றைய நீலகிரியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பவானிசாகர், மேட்டுப்பாளையம், அவிநாசி மூன்றும் மலைக்குக் கீழே இருப்பவை. குன்னூரில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலர் குடியேறியிருக்கிறார்களே என்றால், உண்மைதான். அவர்களில் தலையாயவரான பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகும் வரை இந்த மலைக்காரராகவே வாழ்ந்தார். மலை அவரைப் போற்றியது. ஆனாலும் அமிர்தசரஸில் பிறந்த அந்தப் பார்சி வீரருக்கு இங்கே கொண்டாட ஆளிருந்த அளவு, பங்காளி வகையறா இருந்ததில்லை. பாசறையில் இருக்கும் இளம் வீரரோ பெரும்பாலும் தம் சொந்த ஊரின் பட்டியலில்தான் பணி வாக்காளராகப் பதிவாகியிருப்பார். தேர்தல் வரும்போது அவர் வாக்கு வெலிங்டனிலிருந்து கொல்லத்துக்கோ கடப்பாவுக்கோ திருநெல்வேலிக்கோ தபாலில் போய்விடுகிறது.