ஊர்ப் பெயரில் ஒத்துப்போகாதவர்கள் போட்ட ஒப்பந்தம்



பேச்சுவார்த்தையைப் பற்றிய தொலைக்காட்சி மன்றத்தில் ஜெர்மனியைப் பற்றிப் பேசும் பங்கு எனக்கு வந்தது. ஜெர்மனி என்றாலே நமக்குப் போர்தான் முதலில் ஞாபகம் வரும். நான் எடுத்துக்கொண்டது போர் அல்ல. ஒரே வாரத்துக்குள் பேசி முடித்த ஒரு சின்ன உடன்பாடு. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் பிரதமர்களும் அல்லர், அதிபர்களும் அல்லர். இரண்டு அதிகாரிகள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைப் போல இன்னொரு வாக்கியத்தை ஒப்பந்தப் பத்திரங்களில் காண்பது அரிது.

ஊர்களுக்கும் அலுவலகங்களுக்கும் பதவிகளுக்கும் பொதுவான பெயர்களில் உடன்பாடு காண முடியவில்லை என்பதை இரு தரப்பும் உறுதிப்படுத்துகின்றன. இதுதான் அந்த வாக்கியத்தின் கருத்து. அதாவது, "நீ உட்கார்ந்திருக்கும் ஊருக்கு நீ சொல்லும் பெயரை நான் ஏற்க மாட்டேன், நான் சொல்வதை நீ ஏற்க மாட்டாய்" என்பதையே எழுதி, அதன் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாள் 1963 டிசம்பர் 17. இடம் பெர்லின். எந்த பெர்லின் என்று கேட்டால் அங்கேதான் வம்பு.

1961 ஆகஸ்டு 13ஆம் நாள் கிழக்கு ஜெர்மனி நகரின் நடுவே எல்லையை அடைத்தது. முள்வேலி வந்தது, பிறகு சுவர் வந்தது. தொலைபேசித் தொடர்பை 1952லேயே துண்டித்துவிட்டார்கள். மேற்கு ஜெர்மனியின் மற்ற ஊர்க்காரர்கள் அனுமதி பெற்றுக் கிழக்கு பெர்லினுக்குப் போய் வர முடிந்தது. மேற்கு பெர்லின்காரருக்கு மட்டும் 1961 ஆகஸ்டு மாதக் கடைசியிலிருந்து அந்த வழியும் இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் அம்மாவைப் பார்க்க முடியாது. கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

இதில் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். அந்த ஆகஸ்டிலேயே கிழக்குத் தரப்பு, மேற்கு பெர்லின் ரயில் நிலையங்களில் அலுவலகம் திறந்து அனுமதிச் சீட்டு தர முன்வந்தது. தடுத்தது மேற்குத் தரப்பு. ஏன்? தாங்கள் அங்கீகரிக்காத ஓர் அரசு தங்கள் மண்ணில் மேசை போட்டு முத்திரை குத்தினால், அந்த அரசை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சட்டப்படி யோசித்தால் தப்பில்லாத வாதம். ஆனால் அந்த வாதம் எந்த அம்மாவையும் எந்த மகளிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

மேற்கு பெர்லினின் மேயர் அப்போது வில்லி பிராண்ட். அவருடைய செய்தித் தொடர்பாளர் எகோன் பாஹ்ர் 1963 ஜூலை 15ஆம் நாள் டுட்சிங் என்ற ஊரில் பேசும்போது, நெருங்கிப் போவதால்தான் மாற்றம் வரும் என்ற கருத்தை முன்வைத்தார். அன்றைக்கு அவரைத் திட்டாதவர்கள் குறைவு. சுவரைக் கட்டியவனோடு என்ன நெருக்கம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

டிசம்பர் 5ஆம் நாள் கிழக்கு ஜெர்மனியின் துணைப் பிரதமர் நிலையிலிருந்த அலெக்சாண்டர் அபுஷ், பிராண்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலத்தில் உறவினரைப் பார்க்க வழி செய்யலாம் என்பது சாரம். மேற்கிலிருந்து ஹோர்ஸ்ட் கோர்பர், கிழக்கிலிருந்து எரிஷ் வென்ட் என்ற இரண்டு அதிகாரிகள் டிசம்பர் 12ஆம் நாள் பேச உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

சண்டை எங்கே வந்தது என்றால், எத்தனை பேர் போகலாம் என்பதில் இல்லை. பெயரில்தான். கிழக்குத் தரப்புக்கு அந்தப் பகுதி தங்கள் குடியரசின் தலைநகர். மேற்குத் தரப்புக்கு அது கிழக்கு பெர்லின், அவ்வளவுதான். தலைநகர் என்று எழுதினால் ஒரு நாட்டை அங்கீகரித்த கணக்கு. எழுதாவிட்டால் கிழக்குத் தரப்பு எழுந்து போய்விடும். கடைசியில் இரண்டு பெயரையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு எழுதினார்கள். அதோடு, நான் முன்பு சொன்ன அந்த வாக்கியத்தையும் சேர்த்தார்கள்.

கையெழுத்திலும் இதே கதைதான். வென்ட் தம் அரசின் துணைத் தலைவர் உத்தரவுப்படி கையெழுத்திடுவதாக எழுதினார். கோர்பரோ, மேயரின் ஆணைப்படி அவருடைய அலுவலகத் தலைவர் தந்த உத்தரவின்படி கையெழுத்திடுவதாக எழுதினார். எத்தனை படி தள்ளி நிற்கிறார் பாருங்கள்! தாளுக்கு ஒப்பந்தம் என்றுகூடத் தலைப்பு இல்லை. கூட்டக் குறிப்புக்குச் சொல்லும் 'புரோட்டகோல்' என்ற சொல்லைத்தான் போட்டார்கள்.

தபால்காரர் வந்தார்

சரி, சீட்டை யார் கொடுப்பது? 1961இல் முட்டி நின்ற இடமே இதுதான். கிழக்கு ஜெர்மனியின் போலீசோ குடிநுழைவு அதிகாரியோ மேற்கில் வந்து உட்கார்ந்தால் அது அரச அதிகாரம். தபால்காரர் வந்து உட்கார்ந்தால்? அப்படியே செய்தார்கள். மேற்கு பெர்லினின் 12 வட்டாரங்களிலும் பள்ளிக்கூடங்களில் இடம் ஒதுக்கினார்கள். கிழக்கு ஜெர்மனியின் தபால் ஊழியர்கள் சீருடையோடு வந்து விண்ணப்பம் வாங்கினார்கள். விண்ணப்பங்கள் கிழக்குக்குப் போய், அங்கே முடிவு செய்து, சீட்டாகத் திரும்பி வந்தன. ஆகவே அனுமதி கொடுத்த இடம் கிழக்கு, கையில் வாங்கிய இடம் மட்டும் மேற்கு. சட்ட நிபுணர்களும் தூங்கலாம், மக்களும் போகலாம். அந்தத் தபால்காரர்களில் உளவுத்துறை ஆட்களும் கலந்திருந்தார்கள் என்பது வேறு கதை.

டிசம்பர் 18ஆம் நாள் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியபோது குளிரில் மணிக்கணக்கான வரிசை. பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமா அத்தை, அவர்களின் துணைவர் என்று யார் யாரைப் பார்க்கலாம் என்ற பட்டியல் இருந்தது. மாமன் மகன், சித்தப்பா மகள் பட்டியலில் இல்லை. நம் குடும்பங்களில் இப்படி ஒரு பட்டியல் போட்டால் அன்றைக்கே கலவரம்தான்! நண்பருக்கும் காதலருக்கும் இடமே இல்லை.

டிசம்பர் 19 முதல் 1964 ஜனவரி 5 வரை 18 நாள். ஏறக்குறைய 22 லட்சம் பேர் வாழ்ந்த மேற்கு பெர்லினிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுவரைத் தாண்டிப் போய் வந்தார்கள். சிலர் ஒரு முறைக்கு மேல் போனதால், மொத்தம் சுமார் 12 லட்சம் வருகைகள். ஓபர்பாம் பாலத்தின் மேல் பரிசுப் பொட்டலங்களோடு நடந்துபோனார்கள். இரண்டு ஆண்டு நான்கு மாதம் பிரிந்திருந்தவர்கள். அதற்குள் பிறந்த குழந்தைகளைப் பலர் அன்றுதான் பார்த்தார்கள். மாலை முடிந்ததும் திரும்பி வந்தாக வேண்டும் என்பது விதி.

இனி அந்தக் கேள்வி. இது யாருக்கு லாபம்? கிழக்கு அரசு தன் சுவரை ஒரு சாதாரண எல்லையாக உலகத்துக்குக் காட்டிக்கொண்டது. தன் பெயரை ஒரு தாளில் ஏற்றிக்கொண்டது. அதே கிறிஸ்துமஸ் நாளில், டிசம்பர் 25ஆம் நாள், சுவரில் ஏறித் தப்ப முயன்ற 18 வயது இளைஞர் ஒருவரைக் கிழக்குக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாசலில் மக்கள் கேக்கோடு நுழைகிறார்கள், இன்னோர் இடத்தில் துப்பாக்கி சுடுகிறது. இப்படிப்பட்டவர்களோடா கையெழுத்து என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடாமல் இருந்த 1962லும் சுவரில் ஆள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிராண்ட் இதைச் சிறிய அடிகளின் வழி என்றார். அவர் கணக்குத்தான் சரி என்பது என் எண்ணம்.

முன்னூறு ஆண்டுப் பழக்கம்

இப்படிப் பேசும் முறை ஜெர்மானியர்களுக்கு 1963இல் திடீரென்று வந்ததல்ல. 1618இல் தொடங்கி 30 ஆண்டு நீடித்த சமயப் போரை எப்படி முடித்தார்கள் என்று பார்த்தால் தெரியும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் ஒரே ஊரில் உட்கார மறுத்தார்கள். ஆகவே இரண்டு ஊர். முன்ஸ்டரில் மாமன்னரின் தூதர்கள் பிரான்சோடு பேசினார்கள். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஓஸ்னாப்ரூக்கில் சுவீடனோடு பேசினார்கள். முன்ஸ்டரில் நடுவராக இருந்த போப்பின் தூதர் ஃபாபியோ கிஜி புராட்டஸ்டன்டினரோடு நேரில் பேசவே மறுத்தவர். அத்தனை தரப்பும் ஒன்றாக அமர்ந்த பொதுக்கூட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. குதிரையில் தூது போய் வந்தே ஆண்டுக்கணக்கில் பேசி, 1648 அக்டோபர் 24ஆம் நாள் இரண்டு உடன்படிக்கைகளிலும் கையெழுத்திட்டார்கள்.

எது உண்மையான மதம் என்று அந்த உடன்படிக்கை தீர்ப்புச் சொல்லவில்லை. கடவுள் அருளால் என்றாவது ஒற்றுமை வரும் வரைக்கும் என்று எழுதி அதை ஒதுக்கி வைத்தது. பிறகு, 1624 ஜனவரி 1ஆம் நாள் எந்தக் கோயில் யார் கையில் இருந்ததோ அவரிடமே இருக்கட்டும் என்றது. பேரரசின் மன்றத்தில் மத விவகாரம் வந்தால் ஓட்டுப் போட்டுப் பெரும்பான்மையால் முடிக்கக் கூடாது. இரு பிரிவும் தனித்தனியே கூடிப் பேசி, இணக்கம் கண்டால்தான் முடிவு. எண்ணிக்கையில் குறைந்தவனைக் கை தூக்கித் தோற்கடிக்க முடியாது என்பது 1648இலேயே சட்டம்.

ஓஸ்னாப்ரூக் மறைமாவட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் மட்டும் முடிவே வரவில்லை. அதனால் ஒரு கத்தோலிக்க ஆயர், அவருக்குப் பின் ஒரு புராட்டஸ்டன்டு ஆயர் என்று மாறி மாறி ஆளட்டும் என்றார்கள். கேலியாகத் தோன்றினாலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்படியே நடந்தது. 1764இல் புராட்டஸ்டன்டு முறை வந்தபோது அந்தப் பதவி இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகனுக்குப் போனது. ஆயருக்கு வயது ஆறு மாதம்!

கோர்பரும் வென்ட்டும் 1648ஐப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தீராத பகையை மூடி மறைக்காமல், "இது தீரவில்லை" என்று பத்திரத்திலேயே எழுதி ஓரத்தில் வைத்துவிட்டு, மற்றதை முடிக்கும் வழக்கம் அந்த மண்ணில் இருந்தது.

அந்த ஒற்றை வாக்கியம் எவ்வளவு முக்கியம் என்பது அது இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது. 1964, 1965, 1966 ஆண்டுகளில் புதிய உடன்பாடுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வாக்கியம் இருந்தது. 1966 பெந்தெகோஸ்தே பண்டிகைக்குப் பிறகு, இனி அந்த வாக்கியத்தை எழுத மாட்டோம் என்று கிழக்குத் தரப்பு சொல்லிவிட்டது. மேற்குத் தரப்பு அது இல்லாமல் கையெழுத்துப் போடவில்லை. பண்டிகைச் சீட்டு நின்றது. பிறப்பு, திருமணம், உயிருக்கு ஆபத்தான நோய், சாவு ஆகியவற்றுக்கு மட்டும் சீட்டு தரும் ஓர் அலுவலகம் மிஞ்சியது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு காத்திருப்பு. ஒரு வாக்கியத்துக்காக!

பிராண்ட் 1969இல் நாட்டின் பிரதமரான பின்தான் கதவு மறுபடி திறந்தது. 1971 செப்டம்பர் 3ஆம் நாள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் பெர்லின் பற்றி உடன்பாடு கண்டன. அதன் பொதுப் பகுதியில் 'பெர்லின்' என்ற பெயரே வராது. 'சம்பந்தப்பட்ட பகுதி' என்றுதான் வரும். ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம் மூன்றிலும் மூலப் பிரதி இருந்தது. ஜெர்மன் மொழியில் மட்டும் இரு தரப்பும் ஏற்ற பிரதி இல்லை. மேற்கு பெர்லினுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இருப்பது கட்டுறவா, வெறும் தொடர்பா என்பதில் இரண்டு ஜெர்மனிகளும் வேறு வேறு சொல் போட்டன. அப்படியே விட்டுவிட்டார்கள். 1972 ஜூனில் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. மேற்கு பெர்லின்காரர்கள் பண்டிகைக்குக் காத்திராமல் போய் வரத் தொடங்கினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இரண்டு ஜெர்மனிகளும் அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடிப்படைக் கேள்விகளில், குறிப்பாக தேசம் பற்றிய கேள்வியில், கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை முகப்பிலேயே எழுதினார்கள். மேற்குத் தரப்புக்காகக் கையெழுத்திட்டவர், டுட்சிங்கில் திட்டு வாங்கிய அதே எகோன் பாஹ்ர்.

தூதரகம் என்ற சொல்லையும் தவிர்த்தார்கள். 'நிலையான பிரதிநிதி அலுவலகம்' என்று 1974இல் இரு பக்கமும் திறந்தன. மேற்கு ஜெர்மனியின் பிரதிநிதி கிழக்கு பெர்லினில் வெளியுறவு அமைச்சுக்குப் போய்ப் பேசுவார், ஏனென்றால் கிழக்குக்கு அவர் அந்நிய நாட்டவர். கிழக்கு ஜெர்மனியின் பிரதிநிதி பான் நகரில் வெளியுறவு அமைச்சுக்குப் போவதில்லை, பிரதமர் அலுவலகத்துக்குப் போவார், ஏனென்றால் மேற்கின் கணக்கில் அவர் அந்நியர் அல்லர். 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகும் வரை ஒருவர் ஒரு வாசலுக்கும் மற்றவர் வேறு வாசலுக்கும் போய் வந்துகொண்டே இருந்தார்கள்.